இந்த வருடம் 19 ராத்திரி நாடகம், விடிந்தது நாலுதான்

கோரைப்பாய் | டிசம்பர் 28, இரவு 9.40

மார்கழியில் ஊர்ப்பக்கம் மேடை கிடையாது. இனி தை பிறந்து, யாராவது காப்புக் கட்டி, நோட்டீஸ் அடித்தால்தான் நமக்கு வேலை. அதனால் வருடக் கணக்கை இன்றே முடித்துவிடலாம் என்று கடையைச் சாத்தியதும் டைரியை எடுத்து உட்கார்ந்தேன்.

மொத்தம் 19 ராத்திரி. வள்ளி திருமணம் 11, அரிச்சந்திர மயான காண்டம் 3, பவளக்கொடி 2, அப்புறம் சத்தியவான் சாவித்திரி, கோவலன், நல்லதங்காள் ஒவ்வொன்று. எல்லாம் ஸ்பெஷல் நாடகம்தான், அதாவது ஒரே குழுவாக இல்லாமல் நடிகர்களைத் தனித்தனியாக வரவழைத்துப் போடுகிற நாடகம். மேலூர், உசிலம்பட்டி, கள்ளிக்குடி, சோழவந்தான் என்று மதுரையிலிருந்து வண்டி போய்த் திரும்புகிற தூரத்துக்குள் பார்த்தவை. கையில் ஒரு பாய், ஒரு போர்வை, பிளாஸ்க். கூட மைத்துனன்.

இந்த 19-ல் கிழக்கு வெளுக்கும்வரை நடந்தது நாலு. மற்றதெல்லாம் ஒரு மணி, இரண்டு மணிக்குள் மங்களம் பாடிவிட்டார்கள். பத்து வருடத்துக்கு முந்தைய டைரியைப் புரட்டினால் ‘காலை 5.30, பஸ்ஸில் தூங்கிவிட்டேன், ஆரப்பாளையம் தாண்டிவிட்டது’ என்ற வரி இல்லாத மாதமே இல்லை.

நேரம் குறைந்தால் எதையாவது வெட்டத்தான் வேண்டும். எதை வெட்டுகிறார்கள் என்பதில்தான் என் வயிற்றெரிச்சல். பத்து மணிக்குப் பெட்டி (ஹார்மோனியம்), மிருதங்கம், ஆல்ரவுண்ட் (பலவகைத் தாளக்கருவி), ஜால்ரா எல்லோரும் உட்கார்ந்து சாமி பாட்டு. பத்தரைக்கு பபூன், அதாவது கோமாளி. அவர் தனியாக அரை மணி. பிறகு டான்ஸ் ஆடுகிற பெண் ஓடி வந்து அவர்மேல் மோத, ‘கண்ணு தெரியலையா’ என்று சண்டை, ஒரு பாட்டு, மறுபடியும் சண்டை. நடுவில் பத்து, ஐம்பது என்று நோட்டைக் குத்திவிடுகிற புண்ணியவான்களின் பெயர், தகப்பனார் பெயர், தெருப் பெயர் எல்லாம் வாசிக்க வேண்டும். மணி பன்னிரண்டரை. எனக்கு இதில் விரோதம் இல்லை, நானும் சிரிக்கிறவன்தான். ஆனால் அதற்குப் பிறகு வள்ளி வந்து ஆலோலம் பாடி, நாரதர் வந்து தர்க்கம் செய்து, முருகன் வேடனாக வந்து, கிழவனாக வந்து, தேனும் தினைமாவும் தின்று விக்கி, யானை வந்து, கல்யாணமும் ஆக வேண்டும். எல்லாம் ஒன்றரை மணி நேரத்தில்!

வைகாசியில் ஒரு ஊரில் முருகன் வேடன் வேஷத்தைக் கழற்றவே இல்லை. அதே தலைப்பாகையோடு நாலு தடவை இருமினார். அவ்வளவுதான் விருத்தன். யானையைக் காணவே காணோம். ‘அந்த அக்கா எதுக்குப் பயந்து கட்டிப்பிடிச்சாங்க?’ என்று பக்கத்துப் பாயிலிருந்த பொடியன் கேட்டான். கமிட்டிக்காரருக்குப் பயந்து என்றேன்.

சரி, புலம்பல் போதும். வருடத்தின் சிறந்த ராத்திரி எது என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். பங்குனி மாதம், மேலூருக்குக் கிழக்கே ஒரு கிராமம், மயான காண்டம். பன்னிரண்டு மணிக்கு போலீஸ் ஜீப் வந்து நின்றது. மைக்கை நிறுத்தச் சொன்னார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் துண்டை இறக்கிப் போட்டுக்கொண்டு போய், “மைக்கைத்தானேய்யா நிறுத்தணும், நிறுத்தியாச்சு” என்று சொல்லிவிட்டு சவுண்ட் சர்வீஸ் பையனைப் பார்த்துக் கையை ஆட்டினார். ஜீப் போய்விட்டது. நாடகம் முடிந்தது என்று நான் பாயைச் சுருட்டப் போனேன்.

பெட்டிக்காரர் எழுந்திருக்கவில்லை. ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு உள்பக்கம் பார்த்தார். வழக்கமாகக் கேட்காத சத்தமெல்லாம் அப்போதுதான் கேட்டது: டியூப்லைட் இரைச்சல், கண்மாயில் தவளை. பின்னால் இருந்தவர்கள் யாரும் சொல்லாமலே எழுந்து முன்னால் வந்தார்கள். நாலு பாயில் இருந்த கூட்டம் இரண்டு பாயில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தது. சந்திரமதி மேடை விளிம்புக்கே வந்து, பிள்ளைக்குப் பதிலாக வைத்திருந்த துணி மூட்டையை மடியில் போட்டுக்கொண்டு பாட ஆரம்பித்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் அந்த அம்மாவுக்கு. கடைசியில் நின்றிருந்த கரும்புச்சாறு வண்டிக்காரர்வரை ஒவ்வொரு சொல்லும் போய்ச் சேர்ந்தது.

வெட்டியானாக நிற்கிற அரிச்சந்திரன் கால் பணமும் முழத் துண்டும் வாய்க்கரிசியும் கேட்கிற இடம். ‘ஏதய்யா என்னிடம் கால் பணம்’ என்று சந்திரமதி கையை விரிக்கிறார். முன்னால் இருந்த கிழவி ஒன்று இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து, ஒரு பத்து ரூபாய் நாணயத்தை எடுத்து மேடைமேல் வைத்துவிட்டது. “கட்டித் தொலை தாயி, பிள்ளையை எரிக்கட்டும்.”

அரிச்சந்திரன் அசையவில்லை. கோலை ஊன்றியபடியே காசைப் பார்த்தார். “ஊரார் காசு இங்கே செல்லாது அம்மா. பெற்றவள் கையால் வர வேண்டும்.” பின்னாலிருந்து ஒருத்தன், “பத்து ரூவா காயின் கடையிலயே செல்லாதுப்பா!” என்றான். மயானத்தில் ஊரே சிரித்தது. சந்திரமதி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, அதே சுருதியில் அடுத்த அடியைப் பிடித்தார். கால் நிமிடத்தில் முன்வரிசை முழுக்க முந்தானை கண்ணுக்குப் போய்விட்டது.

காலை ஐந்தே முக்காலுக்கு விசுவாமித்திரர் தோற்றார். உங்கள் கணக்கையும் போடுங்கள்.

சின்னப்பய | டிசம்பர் 28, இரவு 10.05

நான் நேரில் 2, யூடியூப்பில் ஐம்பதுக்கு மேல் 😀 மூன்று மணி நேர வள்ளி திருமணம் முழுசாகக் கிடைக்கிறதே அண்ணே. பிடிக்காத இடத்தை ஓட்டிவிடலாம்.

கோரைப்பாய் | டிசம்பர் 28, இரவு 10.11

தம்பி, நீ வீட்டில் ஓட்டிப் பார்ப்பதற்காக ஒருத்தன் என் முன்னால் முக்காலியை விரித்து போனை மாட்டிவிட்டு நிற்கிறான். மாசியில் பவளக்கொடியை அவன் முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில்தான் பார்த்தேன்.

பெட்டிக்காரர் மகன் | டிசம்பர் 28, இரவு 11.20

அண்ணே, அந்த மயான காண்டத்தைப் படித்ததும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அப்பா 30 வருடம் கால் பெட்டி வாசித்தவர். காலால் மிதித்துக் காற்றை ஏற்றுகிற பெட்டி. இரண்டு கையும் வாசிக்க மிச்சம், அதனால் சத்தம் தூக்கலாக வரும். கையால் துருத்தி போடுகிற பெட்டி அந்த இடத்துக்குக் காணாது.

மைக்கை நிறுத்தியதும் பெட்டிக்காரர் ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் என்று சொல்கிறேன். சுருதியை ஏற்றலாமா என்று கேட்டிருப்பார். ஒரு கட்டை என்றால் பெட்டியில் ஸ்தாயியின் முதல் வெள்ளைக் கட்டை. அங்கிருந்து எண்ணி ஐந்தாவது வெள்ளை ஐந்து கட்டை. ரெண்டரை, நாலரை எல்லாம் நடுவிலுள்ள கறுப்பு. மைக் வந்த பிறகு ராஜபார்ட் (கதாநாயகன் வேஷம்) பலர் ரெண்டு, ரெண்டரையில் சௌகரியமாகப் பாடிவிடுகிறார்கள். மைக் இல்லாத காலத்தில் அது எடுபடாது. தரைக்கூட்டம் கடைசிவரை கேட்க நாலு, ஐந்து கட்டையில் நின்றாக வேண்டும். அந்தக் கால நாடக நட்சத்திரங்களான கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் அப்படிப் பாடித்தான் பேர் வாங்கினார்கள். கீழ்ச் சுருதியில் தொண்டையைக் கிழித்துக் கத்தினாலும் பத்தாவது வரிசைக்கு மேல் சொல் புரியாது. மேல் சுருதியில் கத்தவே வேண்டாம், சொல் தானாகப் போகும்.

பாடமெல்லாம் ஒன்றுதான், ஆனால் ஆட்கள் வேறு வேறு ஊர். ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து, ஸ்திரீபார்ட் (கதாநாயகி வேஷம்) திண்டுக்கல்லிலிருந்து, பபூன் மதுரையிலிருந்து வருவார்கள். ஒத்திகை கிடையாது. மேக்கப் போடும் இடத்தில்தான் முகமே பார்ப்பார்கள். அவர்களைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறவர் பெட்டிக்காரர்தான். பாட்டு மறந்தால் அடி எடுத்துக் கொடுப்பார், வசனம் நீண்டால் ஒரு ஸ்வரத்தைத் தட்டி ‘போதும்’ என்பார். அன்று ஐம்பது வயது அம்மா நடித்ததால் நீங்கள் பிழைத்தீர்கள். மைக்கிலேயே வளர்ந்த பிள்ளை என்றால் அரை மணியில் தொண்டை கட்டியிருக்கும்.

ஆறரை மணி சபா | டிசம்பர் 29, காலை 7.15

ஸ்பெஷல் நாடகம் மட்டும்தான் நாடகமா? நான் இந்த வருடம் லட்சுமி சுந்தரம் ஹாலில் 5 பார்த்தேன். ஆறரைக்கு ஆரம்பித்து எட்டே முக்காலுக்கு முடித்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து தோசை சாப்பிடலாம். சென்னைக் குழுக்கள்தான். ஒரு சோபா, ஒரு காலிங்பெல், அமெரிக்காவிலிருந்து வந்த மகன். நன்றாகவே சிரித்தேன். ஆனால் நிஜத்தைச் சொல்கிறேன், ஐந்தில் மூன்றின் கதை இப்போது ஒன்றோடொன்று கலந்துவிட்டது. எந்த மகன் எந்த அப்பாவிடம் சொத்து கேட்டான் என்று என் மனைவிக்கும் எனக்கும் சண்டை.

ஒரு கல்லூரி வளாகத்தில் பிள்ளைகள் போட்ட நவீன நாடகம் ஒன்றும் பார்த்தேன். முக்கால் மணி நேரம், வசனம் பத்து வரி இருக்கும். புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பெண் தலையில் காலிக்குடத்தோடு மேடையை மூன்று சுற்று சுற்றியது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. இந்த வகைக்கும் நம் ஊரில் வேர் உண்டு. 1977-ல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பட்டறை, அதற்கடுத்த வருடம் மு. ராமசாமி இங்கே மதுரையில் ஆரம்பித்த நிஜ நாடக இயக்கம் என்று என் சித்தப்பா மணிக்கணக்கில் பேசுவார். கிரேக்க நாடகமான அன்டிகனியை ‘துர்க்கிர அவலம்’ என்று போட்டார்களே, அந்தக் கூட்டம். ஐயா டைரியில் அதெல்லாம் ஏறாதா?

கோரைப்பாய் | டிசம்பர் 29, காலை 9.02

ஏறும் ஐயா. கூப்பிட்டால் வருவேன். நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்குத் தூக்கம் வந்துவிடும், அது ஒன்றுதான் குறை.

ஒத்தக்கடை வக்கீல் | டிசம்பர் 29, காலை 10.30

தொழில் புத்தி, ஒரு திருத்தம். ஊர்ப் பெரியவர் கெட்டிக்காரர்தான், ஆனால் சட்டம் அவர் பக்கம் இல்லை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா போன்ற நாட்களுக்கு மாநில அரசு 12 மணிவரை தளர்த்தலாம், அதுவும் வருடத்துக்கு 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. 2010-ல் திருத்தம் வந்தபோது இசைக்கருவியையும் சேர்த்துவிட்டார்கள். ஆக அந்தக் கால் பெட்டியும் குற்றவாளிதான். ஜீப்பில் வந்தவருக்கு விதி தெரியாதோ, மயான காண்டம் பிடிக்குமோ, எனக்குத் தெரியாது.

1954-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிச் சட்டம் என்று ஒன்று இருந்தது. நாடகப் பிரதியைக் கொடுத்து அனுமதி வாங்கச் சொன்ன சட்டம். உயர்நீதிமன்றம் அதை 2013-ல் செல்லாது என்று சொல்லிவிட்டது. இப்போது எதைச் சொல்லலாம் என்பதில் தடை குறைவு, எத்தனை மணிவரை என்பதில்தான் சிக்கல்.

அனுப்பானடி அக்கா | டிசம்பர் 29, பகல் 2.45

எல்லா ஆம்பளைகளும் சுருதி, சட்டம் என்று பேசுகிறீர்கள். நான் முன்வரிசையில் உட்கார்கிறவள், எங்கள் பக்கக் கதையைச் சொல்கிறேன்.

விடிய விடிய நாடகம் என்பது கலை மட்டும் இல்லை, பஸ் டைமும்தான். நாடகம் விடியும்போது முடிந்தால் நடித்த பெண்கள் முகத்தைக் கழுவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுவார்கள். ஒரு மணிக்கு முடிந்தால் எங்கே போவார்கள்? புரட்டாசியில் எங்கள் அம்மா ஊரில் ஒன்றேகாலுக்கு முடித்துவிட்டார்கள். பந்தலில் டியூப்லைட்டைக்கூட அணைத்துவிட்டார்கள். டான்ஸ் ஆடிய பிள்ளையும் ஸ்திரீபார்ட் அம்மாவும் மேடைப் படியில் சூட்கேஸைச் சுவர் மாதிரி முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குடித்தவன் இரண்டு பேர் சுற்றிச் சுற்றி வருகிறான். நானும் அம்மாவும்தான் வீட்டுக்குக் கூட்டிப் போனோம். மேடையில் அரை மணி நேரம் பபூனை வாயாலேயே விரட்டிய பிள்ளை, எங்கள் வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா ரசம் சோறு கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டு, தன் தட்டைத் தானே கழுவப் போனது. நாலரைக்கு எழுந்து, படுத்த பாயை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

கோரைப்பாய் அண்ணே, பபூன் டான்ஸை வெட்டு என்கிறீர்கள். இரட்டை அர்த்தம் எல்லை மீறும்போது எனக்கும் எரிச்சல்தான். ஆனால் மீற வைப்பது யார்? பின்னால் நின்று விசில் அடிக்கிறவர்களும், நோட்டைக் குத்தும் சாக்கில் கையைப் பிடிக்கிறவர்களும்தான். நல்ல பபூன் பெண்களைப் பார்த்துப் பேசுவார். இந்த வருடம் ஒருத்தர் குக்கர் விசிலை வைத்து மாமியார் மருமகள் சண்டையைப் பிடித்தார் பாருங்கள், என் பக்கத்தில் இருந்த மாமியாரும் மருமகளும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். யாரை வெட்டுவீர்கள்?

கோரைப்பாய் | டிசம்பர் 29, மாலை 6.20

அக்கா, வாயடைத்துவிட்டீர்கள். 19 ராத்திரியும் நாடகம் முடிந்ததும் வண்டியை உதைத்துக் கிளம்பியவன் நான். படியில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று திரும்பிப் பார்த்ததில்லை.

வெட்டு என்று சொல்லவில்லை. பன்னிரண்டுக்குள் முடிக்க வேண்டும் என்றால் ஏழரைக்கு ஆரம்பியுங்கள் என்கிறேன். கமிட்டியில் கேட்டால், சாமி புறப்பாடு, அன்னதானம், ஆடல் பாடல், அதற்குப் பிறகுதான் நாடகம் என்கிறார்கள்.

திருமங்கலத்தான் | டிசம்பர் 29, இரவு 8.50

அரிச்சந்திரன் ‘ஊரார் காசு செல்லாது’ என்று சொந்தமாகச் சேர்த்ததை எல்லோரும் ரசிக்கிறீர்கள். நானும் ரசித்தேன். ஆனால் இந்த நாடகங்கள் பலவற்றை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் இருந்திருந்தால் பிரம்பை எடுத்திருப்பார். பெரிய நடிகர்கள் இஷ்டத்துக்குப் பேசி, நேரத்துக்கு வராமல் படுத்திய பாட்டில் சலித்துத்தான் சிறுவர்களை வைத்துப் பழக்கினார். 1918-ல் மதுரையிலேயே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஆரம்பித்தார். பின்னால் பெரிய நாடகக்காரர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே சேர்ந்தவர்கள்தான். பாட்டையும் வசனத்தையும் எழுதி, அதன்படி நடிக்க வேண்டும் என்றவர் எழுதிய நாடகத்தை வைத்தே, இஷ்டத்துக்குப் பேசுகிற ஸ்பெஷல் நாடகம் இன்றுவரை ஓடுகிறது. அவருக்கு குருபூஜையும் ஸ்பெஷல் நாடக நடிகர்களேதான் நடத்துகிறார்கள். இதை யோசித்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

இன்னொன்று. நாளை மறுநாள் டிசம்பர் 31. எங்கள் ஊரில் வாழ்ந்த தியாகி விஸ்வநாததாஸ் 1940-ல் இதே நாளில்தான் மேடையிலேயே போனார். சென்னையில் வள்ளி திருமணம். முருகனாக மயில்மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். முருகன் வேஷத்திலேயே வெள்ளைக்காரனைக் கொக்காக்கிப் பாடி, ஜெயிலுக்குப் போய்ப் போய் வந்தவர். அவருடைய சாதியைச் சொல்லிச் சேர்ந்து நடிக்க மாட்டோம் என்றவர்கள் இருந்த காலத்தில், மதுரை நாடக நடிகை கே.பி. ஜானகியம்மாள் அவரோடு மேடை ஏறினார். ஊரில் நினைவு இல்லம் இருக்கிறது. சாயங்காலம் போகப் போகிறேன், யாராவது வருகிறீர்களா?

பெட்டிக்காரர் மகன் | டிசம்பர் 29, இரவு 9.15

நான் வருகிறேன். பெரியார் நிலையத்தில் 4 மணி பஸ்.

சின்னப்பய | டிசம்பர் 29, இரவு 9.31

நானும். முக்காலி எடுத்து வரவில்லை, சத்தியம். கோரைப்பாய் அண்ணே, ஒரு சந்தேகம் கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். மேடையில் வைத்த அந்தப் பத்து ரூபாய் கடைசியில் என்ன ஆச்சு?

கோரைப்பாய் | டிசம்பர் 29, இரவு 9.48

விடிந்ததும் கிழவி மேடைக்குப் போய் அரிச்சந்திரனிடம் கையை நீட்டியது. அவர் ஒப்பனையைக் கலைத்துக்கொண்டே பெட்டிமேல் இருந்ததை எடுத்துக் கொடுத்தார். நேரே டீக்கடைக்கு வந்தது. நானும் அங்கேதான் நின்றேன். கடைக்காரர் நாணயத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். டீக்கு நான் கொடுத்தேன்.